சேறு கழுவும் நாள்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் பேத்தி வாலுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் பெட்டியோடும் முதுகுவலியோடும் வந்து சேர்ந்தேன். இங்கே அலுவலகத்தில் ஒரே ஒரு தொலைபேசி. லேசாகத் தூறினாலும் ஊமையாகிவிடும். அது பேசினாலும், இன்ஜின் சத்தத்திலேயே ஆயுசைக் கழித்த உங்கள் காதுக்கு நான் கத்துவது எங்கே கேட்கப்போகிறது? போன தடவை நீங்கள் "என்ன? என்ன?" என்று கேட்டதில் மொத்த அலுவலகத்துக்கும் நம் வீட்டுக் கதை தெரிந்துவிட்டது. அதனால் இனி கடிதம்தான்.

வேலையைச் சொல்கிறேன். சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் அதன் வாயிலிருந்து தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டே இருக்கிறது, பால் ஊற்றாத டீ நிறத்தில். அதில் சுண்ணாம்பைக் கலந்து குட்டைகளில் தேக்குகிறார்கள். அடியில் செம்மண் நிறத்தில் சேறு படிகிறது. குட்டைகள் இப்போது விளிம்புவரை நிறைந்துவிட்டன. அடுத்த மழைக்காலத்துக்குள் வாராவிட்டால் கரையை உடைத்துக்கொண்டு ஆற்றில் கலந்துவிடும். வாருகிற காண்ட்ராக்டர் அதைப் பக்கத்துக் கல் குவாரியில் கொட்டிவிடலாம் என்கிறார். குவாரிக்குக் கீழே ஓர் ஊற்று. அதுதான் கீழ்க்கிராமத்துக்குக் குடிதண்ணீர். அங்கே கொட்டலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

வாலுவுக்குப் பின்னல் போட உங்களுக்கு வரவில்லை என்றால் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவைக் கேளுங்கள். நீங்களே கயிறு திரிக்க வேண்டாம். கப்பலிலிருந்து உங்கள் பிள்ளையின் கடிதம் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்

ஜனவரி 20

அன்பு மருமகளுக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எழுதும்போது நிமிர்ந்து உட்கார்.

பின்னல் நானே போட்டேன். பள்ளிக்கூடத்தில் யாரோ "உங்க தாத்தா மாலுமியா? முடிச்சு அவிழவே மாட்டேங்குதே"ன்னு கேட்டார்களாம். "மாலுமி எங்கப்பா. தாத்தா ரயில் ஓட்டினவரு"ன்னு இவள் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தாள். இப்போது தையல்காரியிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்தம்மா காலையில் பின்னிவிடும்போதே எனக்கும் நாலு வார்த்தை திட்டு விழுகிறது.

கப்பல்காரன் கடிதம் வந்தது. வழக்கம்போல நாலு வரி. அதில் மூன்று வரி வானிலை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் வேலையைப் பற்றி ஒரு சந்தேகம். சேற்றைப் பார்த்தால் விஷமா இல்லையா என்று தெரியாதா? எவ்வளவு நாள் பார்ப்பாய்?

வாலுவின் தாத்தா

பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இருமல் நின்றதா? எனக்கு முதுகுவலி விட்டது. வேறு ஒன்று பிடித்துக்கொண்டது.

உங்கள் கேள்விக்குப் பதில். சேற்றை லேசான அமிலத்தில் போட்டு ஒரு நாள் முழுக்கக் குலுக்குவோம். பிறகு வடிகட்டி, அந்தத் தண்ணீரில் ஈயம், காட்மியம் எல்லாம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். பார்த்தேன். எல்லாம் வரம்புக்குள்தான். காண்ட்ராக்டர் அன்றைக்கே லாரிகளைக் கழுவச் சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லா மாதிரியும் கரையோரத்தில் மேலாக அள்ளினது. மறுநாள் படகில் போய் நடுக்குட்டையில் நீளக் குழாயை அடிவரை இறக்கி எடுத்தேன். மேலே முழங்கை அளவுக்குச் செம்மண் நிறம். அதற்குக் கீழே மையைப் போலக் கறுப்பு. அழுகின முட்டை நாற்றம். சுண்ணாம்பு போடத் தொடங்குவதற்கு முந்தின காலத்துச் சேறு அது. அதில் கந்தகம் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் கிடக்கிறவரை சும்மா கிடக்கும். வாரி வெளியே கொட்டினால், காற்றும் மழையும் மாறி மாறிப் பட்டு, மெல்ல மெல்ல அமிலமாகும். அந்த அமிலம் சேற்றில் இருக்கிற அத்தனை உலோகத்தையும் கரைத்து ஊற்றுக்குக் கொண்டுபோகும். இது ஒரு நாள் குலுக்கலில் தெரியாது. மாதக்கணக்கில் பார்த்தால்தான் தெரியும்.

மேலதிகாரியிடம் சொன்னேன்.

"விதி கேக்குறது ஒரு நாள் சோதனை. அதுல பாஸ். அப்புறம் எதுக்கு நோண்டுறீங்க?" என்றார்.

"நோண்டினதாலதான் சார் கறுப்பு தெரிஞ்சுது."

காண்ட்ராக்டர் பக்கத்தில்தான் இருந்தார். "மேடம், சேறுன்னா நாறத்தான் செய்யும். ரோஜாப்பூ வாசனையா வரும்?" என்று சிரித்தார்.

சேற்றைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, மூன்று நாள் உலர்ந்த காற்று, மூன்று நாள் ஈரக்காற்று விட்டு, ஏழாம் நாள் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்தக் கழுவின தண்ணீரைச் சோதிக்க வேண்டும். வாரம் தவறாமல், இருபது வாரம். ஒரு வாரம் விட்டாலும் சோதனை செல்லாது என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம். வாலு வேறு ஒவ்வொரு கடிதத்திலும் "எப்ப வருவே" என்று கேட்கிறாள். அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். தனியாக உங்களால் சமாளிக்க முடியாது என்றால் ஒளிக்காமல் எழுதுங்கள். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 15

அன்பு மருமகளுக்கு,

இருமல் போன இடம் தெரியவில்லை. நீ அங்கேயே இரு.

வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு சிக்னலுக்காகக் காத்திருக்கும்போது பின்பெட்டியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து கத்துவார்கள். "எதிரே ஒண்ணுமே வரலையேய்யா, எடுய்யா!" எனக்கும்தான் ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் நிற்கிறேன் என்று அவர்களுக்குப் புரிய வைக்கவே முடியாது. நீயும் புரிய வைக்க முயற்சி பண்ணாதே. நின்றுகொள்.

வாலுவிடம் சொன்னேன். அழுதாள். அப்புறம் "இருபது தடவை கழுவினாலும் போகாத அழுக்கா தாத்தா?"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப அம்மா கழுவட்டும்"னு சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சமாளிக்க முடியுமா என்றெல்லாம் கேட்காதே. அறுநூறு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினவன் நான். இது ஒற்றைப் பெண்பிள்ளை.

வாலுவின் தாத்தா

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன். பதிலே இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் தூரத்திலேயே கையை விரிக்கிறார். வீட்டில் எல்லாரும் நலம்தானே?

இங்கே நான் ஊர் சிரிக்கும் பொருளாகிவிட்டேன். வாரா வாரம் கழுவுகிறேன், வாரா வாரம் தெளிந்த தண்ணீராகவே வருகிறது. கடுகில் பாதிகூட இல்லாத நீர்ப்பூச்சிகளை வளர்த்து, அந்தத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறேன். விஷம் இருந்தால் முதலில் சாகிறது அவைதான். சாகவில்லை, குட்டி போடுகின்றன. காண்ட்ராக்டர் தினமும் வந்து எட்டிப் பார்த்து, "பேரன் பேத்தி எடுத்தாச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

போன வாரம் சிக்கனம் என்று சொல்லி ஆய்வகத்துக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். காற்று மோட்டார் நின்றால் எல்லாம் பாழ். அன்றைக்கே வாட்ச்மேனும் நானுமாகக் குழாய்களைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் குவார்ட்டர்ஸ் சமையலறையில் நிறுத்திவிட்டோம். இப்போது சமையலறையில் சேறு, முன்னறையில் சமையல், வராந்தாவில் நான். கீழ்க்கிராமத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கழுவும் நாளில் வந்து கூட நிற்கிறார். "எங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணி, நான் பாக்காம யாரு பாக்குறது?" என்கிறார். அவர் வருவது எனக்குப் பெரிய தெம்பு.

கடைசி இரண்டு கழுவலில் கருவியில் அளவு ஒரு நூல் இறங்கியிருக்கிறது, அமிலம் சேர்ந்தால்தான் அது இறங்கும். கருவி தப்பா, நிஜமா, தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 19

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் நலம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அந்த அமர்க்களத்தில் எழுத முடியவில்லை. கவலை வேண்டாம். சோதனையை விடாதே.

மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. மீதியை வாலு எழுதுவாள்.

அம்மா நான் நல்லா இருக்கேன். தையல் அத்தை வீட்டுலதான் தூங்குறேன். அத்தை எனக்குப் பொம்மைக்குச் சட்டை தச்சுக் குடுத்தாங்க. தாத்தா கட்டில் ரொம்ப ஜாலியா இருக்கு. கைப்பிடியைச் சுத்தினா தலைப்பக்கம் மேல ஏறுது. ரெண்டு தடவை சுத்தினேன். வெள்ளைச் சட்டை அக்கா திட்டிட்டாங்க. அம்மா சேறு சுத்தமாச்சா?

ஏப்ரல் 25, பேருந்து நிலையத்தில்

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. என் கையாலேயே உங்கள் கையில் கொடுப்பேன். நேரில் பார்த்தால் கத்திவிடுவேன், மருத்துவமனையில் கத்தக் கூடாது. அதனால் எழுதிக்கொண்டு வருகிறேன்.

எந்த வீட்டில் வெள்ளையடித்தால் கட்டில் கைப்பிடி சுற்றி மேலே ஏறும்? உங்கள் பேத்தி எழுதினதைப் படித்துப் பார்க்காமலேயே ஒட்டிவிட்டீர்கள். தையல்கார அக்காவுக்குத் தந்தி அடித்தேன். "நெஞ்சுவலி. இப்போது தேவலை. சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினார்" என்று பதில் வந்தது. ஒளிக்காமல் எழுதுங்கள் என்று கேட்டேனே மாமா. அந்த ஒன்றைத்தானே கேட்டேன்.

வரும் புதன்கிழமை கழுவும் நாள். ஒரு வாரம் தவறினாலும் இத்தனை மாதமும் வீண். டீச்சருக்குக் கருவி பிடிக்கத் தெரியாது. வாட்ச்மேனுக்குக் கை நடுங்கும். யோசித்துப் பார்த்துவிட்டு நேரே காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன்.

"எங்க மாமனாருக்கு உடம்பு சரியில்லை. நான் போயே ஆகணும். இந்த வாரம் நீங்கதான் கழுவணும்."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. "நானா? நான் பொய்க் கணக்கு எழுதிட்டா?"

"டீச்சர் பக்கத்துல நிப்பாங்க. கழுவின தண்ணியை ரெண்டு பாட்டில்ல அடைச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு சீல் வைக்கணும். அதுக்கு மேல நீங்க என்ன செய்வீங்கன்னு நான் யோசிக்கல. எனக்கு இப்ப யோசிக்க நேரமில்லை."

சாப்பாட்டைப் பாதியிலேயே விட்டு எழுந்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எவ்வளவு தண்ணி ஊத்தணும்? வாங்க, காட்டுங்க" என்றார். இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

சரியாகப் போகுமா, எல்லாம் நாசமாகுமா, தெரியவில்லை. எது ஆனாலும் நான் வருகிறேன். நீங்கள் இதைப் படித்து முடித்ததும் ஒன்றும் பேச வேண்டாம். மருத்துவமனையில் கொடுக்கிற சூப்பைக் குடியுங்கள்.

மே 14

அன்புள்ள மாமாவுக்கு,

மருந்துகளை வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? காலையில் தெருமுனைவரை மட்டும் நடக்க வேண்டும். பூங்காவரை அல்ல. தையல்கார அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை சத்தியம் வாங்கினது நான்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். நான் வந்து இறங்கினதுமே டீச்சர் ஓடிவந்தார். சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

புதன்கிழமை காலையிலேயே காண்ட்ராக்டர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொன்னபடியே அளந்து ஊற்றியிருக்கிறார். வழக்கமாகத் தெளிவாக வரும் தண்ணீர் மஞ்சளாகச் சொட்டியிருக்கிறது. கருவியை வைத்தால் நாலு. நல்ல தண்ணீருக்கு ஏழு வர வேண்டும், குறையக் குறைய அமிலம். "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டுத் துடைத்துத் திரும்ப வைத்திருக்கிறார். நாலு. வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஏழு. மறுபடி சேற்றுத் தண்ணீரில். நாலு. ஆனால், குழாய்களில் ஒன்றை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே மூழ்க வைத்திருந்தேன். அதே கறுப்புச் சேறுதான். அதில் மட்டும் ஏழு.

டீச்சர் சொன்னார்: "அப்படியே முக்காலியில உக்காந்துட்டாரு. அப்புறம் அந்தப் பூச்சிங்களை இதுல விடுங்கன்னு அவரே சொன்னாரு. மறுநாள் காலையில வந்து பார்த்தாரு. ஒண்ணுகூட அசையல. பாட்டில் சீலை இன்னொரு தடவை பார்த்துட்டுப் போயிட்டாரு."

பாட்டில் இரண்டும் சீல் உடையாமல் அலமாரியில் இருந்தன. அவர் கையெழுத்து பெரிதாக, அழுத்தமாக. தூர ஆய்வகத்துக்கு அனுப்பினேன். காட்மியம், ஈயம் இரண்டும் வரம்பைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன என்று முந்தாநாள் அறிக்கை வந்தது.

அன்று சாயங்காலம் காண்ட்ராக்டர் வந்தார். நன்றி சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபமாகத்தான் பேசினார்.

"சரி மேடம். குவாரில போட வேணாம். எங்க போட? வானத்துலயா? மழை வரப்போகுது. குட்டை ஒடைஞ்சா அதுவும் விஷம்தானே? இத்தனை வருஷமா அடியில கெடந்தப்ப ஒருத்தரையும் ஒண்ணும் செய்யல. நான் வாரினாத்தான் விஷமா?"

அவர் கேட்டது நியாயம். குவாரி வேண்டாம் என்று நிரூபிப்பதிலேயே இத்தனை மாதமும் முழுகியிருந்தேன், வேறு எங்கே என்று யோசிக்கவே இல்லை.

உங்கள் மருமகள்

மே 25

அன்பு மருமகளுக்கு,

நீ கேட்டபடி ஒளிக்காமல்: காலையில் நடந்தேன், தெருமுனைவரை. படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. நேற்று ஒரு வேளை மாத்திரையை மறந்தேன், தையல்காரி கண்டுபிடித்துவிட்டாள். போதுமா? ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். உன் சாப்பாடு எப்படி?

ஏன் சொல்லவில்லை என்று நீ மருத்துவமனையில் கேட்டாய். நான் சூப்பைக் குடித்தேன். இப்போது சொல்கிறேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பாய். அந்த ஊற்றில் நாளைக்கு எவனோ ஒருத்தன் பேத்திக்குத் தண்ணீர் பிடிப்பான். என் நெஞ்சுவலிக்காக அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அதுதான். இதைப் பற்றி இனிமேல் சண்டை வேண்டாம்.

உன் காண்ட்ராக்டர் கெட்டிக்காரர். அவர் கேட்டதை இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷம் அடியில் கிடந்தது ஒன்றும் செய்யவில்லை என்கிறாரே, அது வெறும் வாக்குவாதமா, நிஜமான விஷயமா? எனக்கு வேதியியல் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

வாலுவின் தாத்தா

ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பது தையல்கார அக்காவின் கடிதத்தில் உறுதியானது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம்தான் மாமா, வாக்குவாதம் இல்லை. மூழ்கின குழாய் கடைசி வாரம்வரை ஏழிலேயே நின்றது. நான் அதை ஒப்பிட்டுப் பார்க்க வைத்த குழாயாகத்தான் நினைத்திருந்தேன். பதில் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. கறுப்பை வாரவே கூடாது. மேலே உள்ள செம்மண் நிறச் சேற்றை மட்டும் எடுத்து, ஊற்றுக்கு வடியாத மறுசரிவில் களிமண்ணும் கனத்த விரிப்பும் போட்ட குழியில் மூட வேண்டும். அந்தச் சேற்றைத் தனியாக ஒரு குழாயில் வைத்திருந்தேன், அது கடைசிவரை அமிலமாகவில்லை. கறுப்பு அதன் இடத்திலேயே, களிமண் போர்வைக்குக் கீழே, எப்போதும் தண்ணீர் நிற்கும்படி கிடக்கட்டும். புதிதாக வரும் சேற்றுக்குப் புதுக் குட்டை.

நேற்றுக் கூட்டம். கீழ்க்கிராமத்திலிருந்து நாற்காலி கொள்ளாத கூட்டம். மேலதிகாரி ஆரம்பத்திலேயே, "இது ஒரு அம்மா சமையலறையில செஞ்ச சோதனை. இதை எப்படி ஏத்துக்கிறது?" என்றார். நான் எழுந்திருப்பதற்குள் பின்வரிசையிலிருந்து காண்ட்ராக்டர் எழுந்துவிட்டார்.

"அந்தச் சமையலறையில கழுவினது நான் சார். என் கையாலதான் ஊத்துனேன். இவங்க ஊருலயே இல்ல. குவாரில கொட்டினா எனக்குத்தான் லாபம். அந்த லாபம் எனக்கு வேணாம்."

அதற்குப் பிறகு நான் பேச வேண்டியது கொஞ்சம்தான். குவாரி வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தானது. கரையை உயர்த்தும் வேலை இன்று காலையே தொடங்கிவிட்டது. மழைக்கு முந்திவிடுவோம்.

ஒரு சிக்கல். குட்டையின் நீர்மட்டத்தையும் ஊற்றையும் ஒரு வருஷம் யாராவது விடாமல் சோதிக்க வேண்டும். நீங்களே இருந்து பாருங்கள் என்கிறார்கள். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன். "வீட்டுல யாரு?" என்று மேலதிகாரி கேட்டார். "எங்க மாமனார்" என்றேன்.

மாமா, எனக்கு இரண்டையும் விட மனசில்லை. இதையும், உங்களையும். இதற்கு எந்தக் குழாயிலும் பதில் இல்லை.

உங்கள் மருமகள்

ஜூலை 17

அன்பு மருமகளுக்கு,

சுகம். நீயும் அப்படியே இரு.

பதில் ரொம்பச் சுலபம். உன்னால் வர முடியாதென்றால் நாங்கள் வருகிறோம்.

மருத்துவரைக் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் எழுதுகிறேன்: "போகலாம். மேடு ஏறக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, மாத்திரையை விடக் கூடாது." பக்கத்தில் தையல்காரி சாட்சி. சமவெளியில் ஒரு வீடு பார். மூட்டையைத் தூக்க உன் காண்ட்ராக்டரை அழைத்து வா. அந்த மனுஷனை நான் பார்க்க வேண்டும். வாலுவுக்கு அந்த டீச்சரின் பள்ளிக்கூடத்திலேயே இடம் கேள். இங்கே மாற்றுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. கப்பல்காரனுக்குப் புது விலாசம் எழுதிவிட்டேன். நாலு வரியில்தான் எழுதினேன், அவனுக்கும் தெரியட்டும்.

வேண்டாம் என்று பதில் எழுதாதே. அது இங்கே வந்து சேரும்போது வீடு பூட்டியிருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி. வாழ்க்கையில் முதல்முறையாக டிக்கெட் வாங்கி உட்கார்ந்து போகப்போகிறேன், ஓட்டுகிறவன் சரியாக ஓட்டுகிறானா என்று பார்க்க வேண்டும். வாலு ஜன்னல் ஓரத்தை இப்போதே பிடித்துவிட்டாள், பெட்டியே இன்னும் வரவில்லை.

வண்டி உள்ளே வரும்போது கடைசியில் தேடாதே. இன்ஜினுக்கு அடுத்த பெட்டியைப் பார்.

வாலுவும் தாத்தாவும்